தம்பியின் முதுகு

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்கு அங்கன உக்காந்து பிரயோசனம் கிடையாது. வெளிய வேடிக்கை பாக்கணும்னா கழுத்து திரும்பணும்லா. எனக்குத் திரும்பாது. பேசும்போது ஒங்க மூஞ்சியப் பாக்கலன்னு தப்பா நெனச்சுக்கிடாதிய. திமிரு இல்ல. டிரைவர் முதுகப் பாத்துட்டே பேசுவேன், காது ஒங்க பக்கம்தான் இருக்கும்.

திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான். ஆஸ்பத்திரிக்கு. தனியாத்தான் போறேன். எப்பவும் தம்பி கூட வருவான். இன்னைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேக்கியளா? கேக்கலன்னாலும் சொல்லத்தான் செய்வேன். வீட்ல சொல்ல ஆளு இல்ல. இருக்கிற ரெண்டு மூணு பேரும் அவன் கட்சி.

பேரு சங்கரலிங்கம். சங்கரன்கோயில்ல பாதிப் பேருக்கு அதான் பேரு. தம்பி கோமதிநாயகம். எனக்கும் அவனுக்கும் எட்டு வயசு வித்தியாசம். இப்ப லாரி புக்கிங் ஆபீசுல உக்காந்திருக்கேன். முன்னால நானே லாரி ஓட்டுனவன்தான். பூ லோடு ஏத்திக்கிட்டு செங்கோட்டை மலைப்பாதையில ஏறுவேன் பாருங்க, ஒரு பூ வாடாது. கொண்டை ஊசி வளைவுல சன்னல் வழியா தலைய நீட்டி, பின் சக்கரம் எங்க நிக்குன்னு பாத்துக்கிட்டே வண்டிய ஒடிப்பேன். அந்தக் கழுத்துதான் இது.

இருபத்தி மூணு வயசுல ஆரம்பிச்சது. முதுகு வலின்னு சொல்லமுடியாது. சொல்ல வெக்கமா இருக்கு, உக்காருற எடத்துல வலி. இன்னைக்கு வலப்பக்கம்னா, பத்து நாள் கழிச்சு இடப்பக்கம். விடியக்காலம் எந்திரிக்க முடியாது. ஒடம்பு மரக்கட்டை மாதிரிக் கெடக்கும். கட்டில் சட்டத்தப் புடிச்சு உருண்டு இறங்கணும். எந்திரிச்சு அங்கயும் இங்கயும் நடந்து, வேலையில எறங்கிட்டா, மத்தியானத்துக்கு ஒண்ணும் இருக்காது. யாரு நம்புவா? "காலையில நோவு, மத்தியானம் சோறு"ன்னு எங்க மாமா கேலி பேசினாரு. டிரைவர்னா சூடுதான், எண்ணெய் தேச்சுக் குளின்னாவ. எலும்பு புடிக்கிறவரு முழங்கால வச்சு அமுக்கினாரு. ஒரு டாக்டர் டிஸ்க்கு விலகிட்டுன்னு பெல்ட்டு குடுத்து, அசையாம படுத்துக் கெடன்னாரு.

படுத்தேன் அண்ணாச்சி. சொன்ன பேச்சக் கேட்டுப் படுத்தேன். பலகையில, அசையாம. இந்தச் சீக்கு இருக்கு பாருங்க, அது படுத்தவனத்தான் புடிக்கும். அசைஞ்சுக்கிட்டே இருந்தா கொஞ்சம் விலகி நிக்கும். அது அப்ப எனக்கும் தெரியாது, படுக்கச் சொன்னவருக்கும் தெரியாது.

வருசக்கணக்கா இப்பிடியே ஓடிப்போச்சு. பைய குனிய ஆரம்பிச்சுது. ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கேன், திரும்பிப் பாக்கேன், தோளோட சேந்து ஒடம்பே திரும்புது. கழுத்து மட்டும் வரமாட்டேங்கு. வண்டிய ஓனர்கிட்ட ஒப்படைச்சிட்டு வந்துட்டேன்.

பொறவுதான் திருநெல்வேலியில இந்த மூட்டுவாத டாக்டர்கிட்ட போனது. படத்த லைட்டுல மாட்டிக் காட்டினாரு. முதுகெலும்பு தனித்தனித் துண்டா இருக்கணும்லா? என்னுது மூங்கில் கழி மாதிரி ஒரே கம்பா இருந்துச்சு. "நம்மளக் காக்குறதுக்குன்னு ஒடம்புக்குள்ள ஒரு படை இருக்கு. அது எதிரி யாருன்னு தெரியாம ஒங்க எலும்பையே அடிக்குது. அடிபட்ட எடத்துல ஒடம்பு புது எலும்ப வச்சுப் பூசுது. பூசிப் பூசி ஒட்டிப்போச்சு"ன்னாரு. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். இந்தப் பேரு வாயில நுழையவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. வலிக்கு மருந்து இருக்கு, மேல மேல போகாம பாத்துக்கிடலாம், ஒட்டுனது ஒட்டுனதுதான்னு சொல்லிட்டாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன்.

இப்ப தம்பி கதைக்கு வாரேன்.

அவன் என்கூட பை தூக்கத்தான் வந்தான். ரோட்டக் கடக்கணும்னா நான் முழுசா இந்தப் பக்கம் ஒருதடவ, அந்தப் பக்கம் ஒருதடவ திரும்பி நிக்கணும். அதுக்குள்ள பஸ்ஸு வந்துரும். அதனால அவன் வருவான், முழங்கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவான். ஒருதடவ டாக்டர் என்னப் பாத்துக்கிட்டே இருக்காரு, திடீர்னு அவனப் பாத்து, "தம்பி, நீ ஏன் ஒரு பக்கமாவே உக்காந்திருக்க?"ன்னாரு. அவன், "ஒண்ணுமில்ல சார், வாலிபால் ஆடுனதுல வலி"ங்கான். "காலையிலயா, ராத்திரியிலயா?"ன்னு கேட்டாரு. "காலையிலதான் சார், ஆடப்போனா சரியாயிருது"ங்கான். அவ்வளவுதான். என்ன விட்டுட்டாரு. ரத்தம் எடு, ஸ்கேன் எடு. அந்த வாரத்துலயே கண்டுபிடிச்சாச்சு, மருந்து ஆரம்பிச்சாச்சு, பொறவு ஊசி.

என் டோக்கன் அண்ணாச்சி. விடியக்காலம் வந்து, குத்த வைக்கமுடியாம நின்னு வாங்கின என் டோக்கன். அந்த டோக்கன்ல அவனுக்குக் கண்டுபிடிச்சாவ.

சந்தோசம்தான். கூடப்பொறந்தவன்லா. நான் சந்தோசமில்லன்னு சொல்லல. எனக்கும் அந்த ஊசி போட்டாவ. வலி நல்லாவே குறைஞ்சுது. ஆனா முதுகு நிமிரல. அவன் முதுகு குனியவே இல்ல. அதான் வித்தியாசம். அவன் தெருவுல நடந்து வரும்போது பாக்கணும் நீங்க, வேட்டி கட்டின விளக்குக் கம்பம் மாதிரி வருவான். வானத்துல பிளேன் போனா சும்மா அண்ணாந்து பாக்கான். நான் வானத்தப் பாக்கணும்னா கட்டில்ல மல்லாக்கப் படுக்கணும், அப்பவும் தலைக்கு ரெண்டு தலகாணி வேணும், கூரைதான் தெரியும்.

அதுகூடப் பரவால்ல. எங்க அம்மை அவன்கிட்ட சொல்லுவா, "ஒழுங்கா எக்சசைஸ் செய்யிடே, இல்லன்னா அண்ணன் மாதிரி ஆயிருவ." நான் பக்கத்துலதான் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். டாக்டரும் அப்பிடித்தான். "மருந்த நிப்பாட்டணும்னு தோணுச்சுன்னா அண்ணன ஒருதடவ பாத்துக்கோப்பா." சோளக்காட்டுல வெருளி கட்டி வச்சிருப்பாவ பாத்திருக்கியளா? குருவிய வெரட்ட. நம்ம வீட்ல அந்த வேலை எனக்கு.

பொறவு கல்யாணப் பேச்சு. எனக்கும் முன்னால பாத்தாவ. வருவாவ, காப்பி குடிப்பாவ, நான் உள்ள இருந்து நடந்து வாரதப் பாப்பாவ, தாக்கல் சொல்லி விடுதோம்பாவ. ஒரு தாக்கலும் வந்ததில்ல. தம்பிக்குப் புளியங்குடியில பொண்ணு அமைஞ்சுது. உலகேஸ்வரின்னு பேரு, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அவ அப்பா எலுமிச்சங்காய் மண்டி வச்சிருக்காரு. அவிய எங்க வீடு பாக்க வாராவன்னதும் எங்க அம்மை காலையில எங்கிட்ட வந்தா. முகத்தப் பாக்காம, "லிங்கம், இன்னைக்கு மத்தியானம் ஆபீசுலயே சாப்ட்டுக்கோ. சாயங்காலம் வந்தாப் போதும்"ன்னா.

"எதுக்கும்மா?"ன்னேன்.

"ஒன்னப் பாத்தா என்னன்னு கேப்பாவ. ஒனக்கு என்னன்னு சொன்னா, அவனுக்கும் இருக்கான்னு கேப்பாவ. எதுக்கு?"

பெத்தவ சொல்லுதா. நான் ஆபீசுல உக்காந்து பரோட்டா தின்னேன். தம்பி சாயங்காலம் வந்து, "அண்ணே, அம்மை சொன்னது எனக்குத் தெரியாது. நான் அவியகிட்ட உண்மையச் சொல்லிருவேன்"ன்னான். இப்பிடிச் சொல்லுதவன் எல்லாம் சொல்லவா போறான்? நான் நம்பல.

அதனால நானே போனேன். அடுத்த வாரம் பஸ் ஏறி புளியங்குடி மண்டிக்கே போயிட்டேன். பொறாமையில போனேன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க அம்மை சொல்லுதா. பொறாமைன்னா என்ன அண்ணாச்சி? அடுத்தவன் நல்லா இருக்கக்கூடாதுன்னு நெனக்கிறது. நான் அப்பிடி நெனக்கல. ஒரு பொம்பளப்பிள்ளை வாழ்க்கை. தெரியாம வந்து மாட்டக்கூடாதுலா? எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா நான் யோசிப்பேன்லா?

அவரு எலுமிச்சங்காயத் தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் சொல்லச் சொல்ல கைய நிறுத்தாம பெருசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம்னு போட்டுக்கிட்டே இருந்தாரு. முடிச்சதும் நிமிந்து என் முதுகப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"சின்னவருக்கும் இப்பிடி ஆயிருமா?"

நான் என்ன சொல்ல? ஆகாதுன்னு அடிச்சுச் சொல்லமுடியுமா. "ஆகலாம்"னேன். சீக்கிரம் கண்டுபிடிச்சதனால, மருந்து எடுத்தா இந்த அளவுக்குப் போகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, உண்மைதான். அவரு அதக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஒரு சர்பத் போட்டுக் குடுத்தாரு. குடிச்சிட்டு வந்துட்டேன்.

பேச்சு நின்னுபோச்சு. எங்க அம்மை எனக்குச் சோத்தப் போட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவா. அவளுக்குத் திருப்ப முடியும், திருப்பினா. தம்பி திட்டுவான்னு எதிர்பாத்தேன். அவன் திட்டல. வழக்கம்போல என் செருப்ப எடுத்து வாசல்ல நேரா போட்டு வச்சான். குனிஞ்சு தேட எனக்குக் கஷ்டம், அதான். எரிச்சலா வந்துச்சு. ஒரு வார்த்த திட்டித் தொலைச்சாத்தான் என்ன?

பத்து நாள் இருக்கும். ஆபீசுல உக்காந்திருக்கேன், ஒரு பிள்ளை நேரா வந்து எனக்கு எதுத்தாப்ல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. எல்லாரும் பக்கவாட்டுல நின்னு பேசுவாவ, நான் ஒடம்பத் திருப்பணும். இவ நேரா எதுக்க வந்து உக்காந்தா. கொஞ்சம் தணிஞ்சு, என் கண்ணு எங்க பாக்குமோ அங்கன மூஞ்சிய வச்சுக்கிட்டா.

"நான் உலகேஸ்வரி. எங்க அப்பா எதுத்த டீக்கடையில இருக்காவ. ஒங்ககிட்ட கொஞ்சம் கேக்கணும்."

"நான் சொல்லவேண்டியத ஒங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன்"னேன்.

"ஒங்க தம்பி எனக்கு முன்னாலயே சொல்லிட்டாவ. வீடு பாத்துட்டு வந்த அன்னைக்கே போன்ல சொல்லிட்டாவ. அப்பாகிட்ட நான்தான் சொல்லாம வச்சிருந்தேன். முதல்ல நான் புரிஞ்சுக்கிடணும்னு. அதுக்குள்ள நீங்க வந்துட்டிய." கோவமா சொல்லல. கணக்குல ஒரு படி விட்டுப்போச்சுன்னு சொல்லுத மாதிரிச் சொன்னா. "எங்கிட்ட கேக்காத, எங்க அண்ணன்கிட்ட கேளு, எனக்கு வந்தது பாதிதான், முழுசும் தெரிஞ்சவன் அவன்தான்னு சொன்னாவ."

என்னத்தக் கேட்டான்னு நெனக்கிய? சம்பளம் எவ்வளவு, வீடு யாரு பேருலன்னா? இல்ல. "விடியக்காலம் எந்திரிக்கும்போது எப்பிடி இருக்கும்?"ன்னு கேட்டா. "பக்கத்துல இருக்கிறவங்க அப்ப தொடலாமா, தொடக்கூடாதா?"ன்னு கேட்டா. இருமும்போது விலா வலிக்குமா, எந்த மாதிரிக் கட்டில் நல்லது, வலி கூடுற நாள் முன்கூட்டியே தெரியுமா, கோவம் அதிகமா வருமான்னு கேட்டா. எல்லாத்தையும் சொன்னேன். தொடலாம், ஆனா இழுத்துத் தூக்கக்கூடாது, தானா உருண்டு எந்திரிக்க எடம் விடணும்னேன். மெத்தை பொதபொதன்னு இருக்கக்கூடாதுன்னேன். கண்ணு சிவந்து வெளிச்சம் குத்துச்சுன்னா சாதாரண கண்ணுவலின்னு இருந்துரக்கூடாது, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட ஓடணும்னேன். ஒரே எடத்துல உக்காரவிடாதன்னேன். "பிள்ளைகளுக்கு வருமா?"ன்னு கேட்டா, குரலு மாறாம. "வரலாம். ஆனா பெரும்பாலும் வராதுன்னுதான் டாக்டர் சொல்லுதாரு"ன்னேன். மருந்து எடுத்தா தம்பி முதுகு என் முதுகு மாதிரி ஆகாதுங்கிறதையும் சொன்னேன். பாத்தியளா, கேட்டா சொல்லுவேன்.

மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தா. போகும்போது, "இதெல்லாம் ஒங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையா?"ன்னா.

யாரு கேட்டா அண்ணாச்சி? "இப்ப எப்பிடி இருக்கு"ன்னு கேப்பாவ. "பரவால்ல"ன்னு சொல்லணும். அதுக்கு மேல நின்னு கேட்டவங்க யாரு?

மறுநாள் சவரம் பண்ணிக்கிட்டு, தேச்ச சட்ட போட்டுக்கிட்டு ஆபீசு போனேன். சட்டய எப்பவாச்சும் தேச்சுப் போடுறதுதான, அதுக்கு வேற அர்த்தம் கிடையாது. எதுத்த நாற்காலிய யாரும் எடுக்காம பாத்துக்கிட்டேன். இன்னும் ஏதாச்சும் கேக்க விட்டுப்போயிருக்கும், அவ வருவான்னு நெனச்சேன். அந்த வாரம் முழுக்க வரல. ஞாயித்துக்கிழமை அவ அப்பாதான் வந்தாரு, வீட்டுக்கு. தட்டு மாத்திக்கிட்டாவ. அன்னைக்கு என்ன யாரும் ஆபீசுல இருக்கச் சொல்லல. நானா போயி உக்காந்துக்கிட்டேன்.

நான் சொன்னதெல்லாத்தையும் வாங்கிட்டுப் போயி அவனுக்குக் குடுத்துட்டா. அதான் நடந்தது. பதினஞ்சு வருசம் நான் வலிச்சு வலிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அவன் தலைக்கு மெல்லிசு தலகாணி, அவனுக்கு நல்ல கட்டில், அவன் சிகரெட்டத் தொட்டா பிடுங்கி எறிய ஒரு ஆளு. எல்லாம் என் வாய் வழியாப் போனது.

இப்ப எங்க வீட்ல விடிஞ்சா என்ன சத்தம் தெரியுமா? மாடியில ரெண்டு பேரும் பாய விரிச்சுப் போட்டு எக்சசைஸ் செய்யுதாவ. அவளுக்கு என்ன சீக்கு? ஒண்ணும் கிடையாது. அவன் தனியாச் செய்யக்கூடாதுன்னு இவளும் செய்யுதா. மூச்ச இழு, புடி, விடுன்னு அவ சொல்லுத சத்தம் கீழ என் கட்டில் வரைக்கும் கேக்கும். இடையில சிரிப்பு வேற. நான் அப்பத்தான் கட்டில் சட்டத்தப் புடிச்சு உருண்டுக்கிட்டு இருப்பேன்.

படியில நின்னு கூப்பிடுவா. "பெரியத்தான், நீங்களும் வாங்க. ஒங்களுக்கும் ஒரு பாய் போட்டிருக்கு." தினமும் கூப்பிடுதா. எனக்கு என்னத்துக்கு? ஒட்டிப்போன எலும்புக்கு என்ன எக்சசைஸ்? ஒட்டுனத விடு, ஒட்டாத மூட்டும் மூச்சும் இருக்குலா, அதக் காப்பாத்திக்கிடலாம்னு டாக்டரும் சொல்லத்தான் செய்தாரு. நான் போகல. அவிய ரெண்டு பேருக்கும் நடுவுல போயி ஒரு கூனன் கைய ஆட்டிக்கிட்டு நிக்கணுமா? பாவம்னு கூப்பிடுதாவ. பாவம்னு கூப்பிட்டா நமக்குத் தெரியாதா?

பாயி மட்டும் தினமும் போட்டுத்தான் வைக்கா. மூணு பாயும் காலையில கொடியில காயும். பாத்திருக்கேன்.

இன்னைக்குக் காலையில அதான் சண்டை. எனக்கும் அவனுக்கும் ஒரே நாள்ல செக்கப்பு. அவ வந்து, "மூணு பேரும் ஒண்ணாவே போயிட்டு வந்துரலாம் பெரியத்தான், ஒரு டோக்கன் போதும், நான் போன்ல பதிஞ்சிட்டேன்"ன்னா. ஒரு டோக்கன். எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ, "என் டோக்கன் எனக்கு வேணும். ஒருதடவ குடுத்தது போதும்"னு கத்திட்டேன். அவ மூஞ்சி விழுந்துபோச்சு. தம்பி என் செருப்ப எடுத்து வைக்கப் போனான். "நீ ஒண்ணும் எனக்கு எடுத்து வைக்கவேண்டாம், வரவும் வேண்டாம்"னுட்டு, கால வச்சு நானே தொழாவிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறினேன். ஏன் விட்டேனா? கூட்டம். சும்மா நின்னேன்.

என்ன, பஸ்ஸ நிறுத்திட்டான்? சத்திரம் ஸ்டாப்பு தாண்டிட்டா? ஓ, டிக்கெட் போட்டு முடிக்க ஓரங்கட்டிட்டாரா. முகூர்த்த நாள் கூட்டம், கண்டக்டர் என்ன செய்வாரு. நல்லதுதான். கண்டக்டர், எனக்கு ஒரு திருநெல்வேலி.

என்னது? எடுத்தாச்சா? நான் இன்னும் எடுக்கலையே.

பின்னாலயா? யாரு?

அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. கொஞ்சம் திரும்பிப் பாருங்க. ஒங்களுக்கு முடியும்லா. கடைசி சீட்டுப் பக்கம்னாரு. உசரமா ஒரு ஆளு இருக்கானா? நீலச் சட்டையா. நெத்தியில தழும்பு இருக்கா? ஆமா, அவன்தான். பக்கத்துல பொம்பளப்பிள்ளை இருக்காளா? நல்லாப் பாருங்க. இல்லையா? தனியாவா வந்திருக்கான்?

அவள வீட்ல விட்டுட்டு வந்திருக்கான்.

வரவேண்டாம்னு சொன்னேன்லா. பஸ்ஸ்டாண்டுல எங்க நின்னானோ. எனக்குத்தான் பின்னால இருக்கிறது ஒண்ணும் தெரியாதே.

எப்பிடி உக்காந்திருக்கான்? சுருண்டா? எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஏறினதுல இருந்து அசையாம ஒரே இருப்பா இருந்திருப்பான். அது ஆகாது அண்ணாச்சி. கடைசி சீட்டு வேற, தூக்கித் தூக்கிப் போடும். இறங்கும்போது இடுப்பப் புடிச்சுக்கிடும், நாளைக்குக் காலையில எந்திரிக்க முடியாது. ஒரு சத்தம் குடுங்க. எந்திரிச்சு கொஞ்ச நேரம் கம்பியப் புடிச்சு நிமிந்து நிக்கச் சொல்லுங்க.

நான் சொன்னேன்னு சொல்லாதிய.